இங்கே ஏறி வந்தீங்கதானே?

"இங்கே ஏறி வந்தீங்கதானே அம்மா, அப்ப வீட்டுக்கும் ஏறலாம்தானே."

நேற்று ஒரு அரசாங்கக் கந்தோரில், ஒன்பதாம் மாடி வீட்டைக் கீழ் மாடிக்கு மாற்றித் தரக் கேட்டுப் போன என் பெரியம்மாவின் முகத்துக்கு நேரே ஒரு மனிதர் இப்படிச் சொன்னார். 74 வயது மனுசி. இரண்டு முழங்காலும் தேய்ந்து, இரவில் எண்ணெய் பூசாமல் படுக்க முடியாத மனுசி. அவர் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பைலைப் புரட்டிக்கொண்டே, இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொழும்பில் வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டு விசயமாக எந்தக் கவுண்டருக்காவது போனவர்களுக்கு மீதியை நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லப்போகிறேன். அந்த மனிதர் பார்க்காத படிகளை ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன்.

கீழே விசாரித்தால் வீட்டுப் பகுதி இரண்டாம் மாடி என்றார்கள். லிஃப்ட் இல்லை. பெரியம்மா வலது காலை முதலில் வைப்பார். பிறகு கைபிடியை இறுக்கிப் பிடித்து இடது காலை அதே படிக்கு இழுப்பார். நின்று மூச்சு வாங்குவார். அப்புறம் அடுத்த படி. பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுப்பார்கள், பிறகு தோளை இடித்துக்கொண்டு முன்னால் போவார்கள். முதல் திருப்பத்தில் கைபிடி முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் கால் உடைந்த கதிரைகளையும் கயிறு கட்டின பழைய பைல்களையும் கூரைவரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், சுவரைக்கூடப் பிடிக்க வழியில்லை. ஒரு கையில் என்னையும் மறு கையில் யாருடையதோ ஒரு பைல் கட்டையும் பிடித்துக்கொண்டுதான் பெரியம்மா அந்தத் திருப்பத்தைக் கடந்தார். அந்தப் பைலுக்குரியவரும் இப்படித்தான் ஏறி இறங்கியிருப்பார்.

நடுவில் முகம் வெளுத்துவிட்டது. "சீனி குறைஞ்சிட்டுது போல, டொபி ஒண்டு இருக்கா மகள்?" என்று கேட்டார். செக்யூரிட்டிப் பொடியன் ஒருவன் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "அம்மே, டிக்கக் இந்தகன்ன" என்று உட்காரச் சொன்னான். அந்தக் கட்டடம் முழுக்க மனுசன் என்று சொல்ல அவன் ஒருவன்தான் இருந்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

மேலே போனால் நம்பர் துண்டு. நம்பர் வரும்போது தேநீர் நேரம். தேநீர் முடிந்தால், "சேர் ஃபீல்டுக்குப் போய்ட்டார்." புதன்கிழமை பொதுமக்கள் நாள் என்பதால்தான் புதன்கிழமையே போனோம். பொதுமக்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிட்டு அந்த நாளில் சேர் ஏன் ஃபீல்டுக்குப் போக வேண்டும்? ஃபீல்டில் இருக்கிற பொதுமக்கள் முழுப்பேரும் இங்கே வாங்கில் உட்கார்ந்திருக்கிறோமே.

கடைசியில் ஒருவர் பைலைத் திறந்தார். வீடு பெரியப்பாவின் பெயரில் இருக்கிறது, அவருடைய கையெழுத்து வேண்டும் என்றார். பெரியப்பா இறந்துவிட்டார் என்றேன். அப்படியென்றால் மரணச் சான்றிதழ் என்றார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய கொப்பி மிஸ், ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது வேணும்" என்றார். செத்தவர் செத்தவர்தானே ஐயா! ஆறு மாதம் கழித்து எழுந்து வந்து நானும் இந்த வீட்டில் பங்காளி என்று கேட்பாரா? பிறகு கிராம உத்தியோகத்தரின் கடிதம், இடித்த வீட்டின் பழைய லைட் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி. அந்த வீட்டை இடித்தது யார்? அரசாங்கம். இருந்த வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டு, அந்த வீடு இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்று அதில் வாழ்ந்த கிழவியிடம் கேட்கிறார்கள்.

பெரியம்மா கேட்பது புது வீடு அல்ல. காசு அல்ல. இடித்த வீட்டுக்குப் பதிலாகத் தந்தது ஒன்பதாம் மாடி, தரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மாற்றித் தாருங்கள் என்று மட்டும்தான் கேட்கிறார். அங்கே இரண்டு லிஃப்டில் ஒன்று, பெரியம்மா குடிவந்த காலத்திலிருந்தே படுத்துவிட்டது. மற்றது நினைத்தால் வேலை செய்யும். அது நிற்கிற நாட்களில் பெரியம்மா கீழே இறங்குவதில்லை. மருந்து முடிந்தால் மருந்தில்லாமல் இருப்பார். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய் தவறாமல் போன மனுசி, இப்போது ஜன்னலில் நின்று அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறார். முந்தித் தோட்டத்தில், அதுதான் அந்த நெருக்கமான முடுக்கு வீடுகளில், இருந்தபோது வாசலில் உட்கார்ந்தால் போதும், உலகமே அவரைக் கடந்துதான் போகும். முடுக்கில் போகிற பிள்ளையைக் கூப்பிட்டால் பாண் வாங்கித் தரும், தண்ணீர் பிடித்துத் தரும். இப்போது கதவைத் திறந்தால் இருட்டு நடை.

இதைத்தான் அந்த மனிதரிடம் சொன்னேன். டொக்டர் கடிதத்தையும் நீட்டினேன். அவர் பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் அந்த வசனம் வந்தது.

நான் சும்மா விடவில்லை. "அப்படியென்றால் இவருக்கு ஒன்பது மாடி ஏற ஏலும் என்று உங்கள் கைப்பட எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தாங்க" என்றேன். பேனையை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். பேனையைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். "லபன சத்தியே என்ன." அடுத்த வாரம் வரட்டுமாம். அதே படியில் ஏறித்தானே வர வேண்டும்? பெரியம்மா என் கையைப் பிடித்து, "விடு மகள், அவையளும் என்ன செய்யிறது, வா போவம்" என்கிறார். அவரிடமும் எனக்குக் கோபம் வந்தது. இந்த "விடு மகள்" இருக்கும்வரை இவர்களுக்கு என்ன பயம்?

இந்த நாடு வீடு விசயத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு. 1984இல் பத்து இலட்சம் வீடுகள் என்று திட்டம் தொடங்கினார் அப்போதைய பிரதமர் பிரேமதாச. வீடற்றோருக்காக ஒரு சர்வதேச ஆண்டு வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டவரும் அவர்தான். 1987ஆம் ஆண்டை அப்படியே அறிவித்தார்கள். அதே 1987இல்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதினார்கள். நேற்று எங்களுக்குத் தந்த ஃபோம் தனிச் சிங்களம். தமிழ் ஃபோம் முடிந்துவிட்டதாம்.

மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாகப் பொதுக் கட்டடங்கள் இருக்க வேண்டும் என்று 2006இலேயே வர்த்தமானியில் விதி வந்தது. இருக்கிற கட்டடங்களைத் திருத்த மூன்று வருட அவகாசமும் கொடுத்தார்கள். அந்த அவகாசத்தில் பிறந்த குழந்தைகள் ஓ லெவல் பரீட்சை எழுதுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். கந்தோர்ப் படி அப்படியே இருக்கிறது.

நகர மீளுருவாக்கம் என்ற பெயரில் 2010க்குப் பிறகு கொழும்பில் எழுப்பின மாடிகளின் கணக்கையும் பாருங்கள். 400 சதுர அடி அளவில் வீடு, பத்து இலட்சம் ரூபா கட்ட வேண்டும், 20 வருடம், 30 வருடம் தவணை. 74 வயதுக்காரி 30 வருடத் தவணையை எந்த வயதில் கட்டி முடிப்பார்? ஒப்பந்தத்தை எழுதினவருக்குக் கூட்டல் தெரியாதா? முதியோர் கொடுப்பனவு என்று 70 வயது தாண்டின வறியவர்களுக்கு மாதம் 3,000 ரூபா கொடுத்தார்கள், 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆக்கினார்கள். கூட்டினது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் மருந்து வாங்குவதா, தண்ணீர் பில் கட்டுவதா, பராமரிப்புக் காசு கட்டுவதா? வாழ்நாள் முழுக்கக் கூலி வேலை செய்தவர்களுக்கு ஓய்வூதியமும் கிடையாதே.

"பிள்ளைகள் இல்லையா?" என்றும் கேட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காத கவுண்டரே இல்லை. மகன் கட்டாரில் நிற்கிறான், அனுப்பக்கூடியதை அனுப்புகிறான். அவன் அனுப்புகிற காசு லிஃப்டைத் திருத்துமா? 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மேல் போட்டிருக்கிறது, சரி. ஆனால் பெரியம்மாவை ஒன்பதாம் மாடியில் கொண்டுபோய் வைத்தது அவர் பெற்ற பிள்ளை அல்லவே.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயது தாண்டினவர்கள் 12 சதவீதத்துக்கு மேல். இப்போது அதைவிடக் கூட. முதியோர் பெருகுவது நேற்றுத் திடீரென்று வெளிவந்த இரகசியம் இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டு மாடிகளைக் கட்டினார்கள். சீட்டிழுத்து வீடு பிரிக்க முன்னர், கீழிருக்கிற இரண்டு மூன்று மாடிகளை வயதானவர்களுக்கும் நடக்க ஏலாதவர்களுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். இதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டாம், ஆணைக்குழு வேண்டாம், பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டாம். பெயர்ப் பட்டியலில் வயது என்று ஒரு நிரல் இருக்கிறதே, அதை ஒருமுறை வாசித்தால் போதும். ஒக்டோபர் 1ஆம் திகதி வந்தால் மட்டும் முதியோர் தினம் என்று பந்தல் போட்டு, கிழவிகளை வெயிலில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு பெட்ஷீட் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். பெரியம்மாவிடம் அப்படி வந்த பெட்ஷீட் இருக்கிறது. அதை விரித்துப் படுத்துக்கொண்டுதான் லிஃப்ட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் போகத்தான் போகிறேன். இந்த முறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்தையும் எழுதிக்கொண்டு போகிறேன். கீழ் மாடி வீடுகள் யார் யாருக்கு, எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டன? மாற்றம் கேட்டுக் காத்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்? 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "சேர் ஃபீல்டில்" என்று அதற்கும் பதில் வரட்டும், மேன்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது.

அப்புறம் அந்த பஸ் கண்டக்டர்! இவ்வளவும் பட்டுவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினால், பெரியம்மா இரண்டாவது காலைத் தரையிலிருந்து தூக்க முன்னமே "ஹரி, யமு!", சரி போவோம் என்று கத்துகிறான், டிரைவரும் எடுத்துவிட்டான். நான் பிடித்திருக்காவிட்டால் நடுரோட்டில் விழுந்திருப்பார். கேட்டால், "வயசானவங்க த்ரீவீலில போங்கோ" என்கிறான். நூறு ரூபா கொடுத்தேன், மிச்சக் காசை இறங்கும்போது தருவதாகச் சொன்னான். இறங்கும்போது அவன் பின் கதவுக்குப் போய்விட்டான். மிச்சமும் இல்லை, டிக்கட்டும் இல்லை!