விண்வெளிச் செலவுக்கு அரசியலமைப்பில் இடமுண்டு

"அரசியலமைப்பில் விண்வெளி பற்றிப் பேச்சே இல்லை, எனவே இஸ்ரோவுக்குப் பணம் ஒதுக்குவது சட்டவிரோதம்" என்று நண்பர் எழுதியிருப்பது, படிப்பவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். விண்வெளிக்குத் தனிப் பதிவு இல்லை என்பது மெய்தான். ஆனால், மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் என் மேசையில் ஓரம் மடங்கிக் கிடக்கும் அரசியலமைப்புப் புத்தகத்தில், சட்டமியற்றும் அதிகாரத்தை ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பிரித்துத் தரும் ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் கடைசியாக நிற்கும் 97-ஆம் பதிவு, மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் சொல்லப்படாத பொருள்கள் அனைத்தையும் நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கிறது. நாடாளுமன்றம் சட்டமியற்றக்கூடிய பொருள்கள்வரை ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரமும் செல்லும் என்கிறது 73-ஆம் உறுப்பு. தனிச் சட்டம் வேண்டாமா என்றால், அரசு ஒரு பணியைத் தொடங்கச் சட்டம் முன்கூட்டியே இருந்தாக வேண்டியதில்லை என்று 1955-இலேயே ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பணத்துக்குத்தான் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம். அதை 114-ஆம் உறுப்பின்படியான நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் ஆண்டுதோறும் தருகிறது.