வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்

(சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோமதி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். மேல்வீட்டுச் சேகர் வருகிறார். இருவரும் அதே தெருவில் வளர்ந்தவர்கள்.)

சேகர்: அக்கா, ஒரு யோசனை. இனி வெள்ளிக்கிழமைதோறும் பழைய தூர்தர்ஷன் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சி மாதிரியே சினிமாப் பாட்டுப் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். உங்கள் ஹாலில்.

கோமதி: உன் ஹாலுக்கு என்ன கேடு?

சேகர்: உங்கள் வீட்டில் பார்த்தால்தான் அந்தச் சுகம். தெருவுக்கே ஒரு டி.வி.! மரக்கதவு போட்ட டயனோரா! உங்கள் அப்பா அதைத் திறக்கும்போது சன்னிதியில் திரை விலகுவது போலவே இருக்கும்.

கோமதி: உனக்குத் தரிசனம். எனக்கு வாசல் நிறையச் செருப்பு.

சேகர்: அரை மணி நேரம்தானே அக்கா?

கோமதி: பாட்டு அரை மணி நேரம். நீங்கள் இடம்பிடிக்க வருவது ‘வயலும் வாழ்வும்’ தொடங்கும்போதே. வீட்டில் ஒரு துளசித் தொட்டிகூடக் கிடையாது. நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று ஒப்பிப்பாய்.

சேகர்: இன்றைக்கும் சொல்வேன்.

கோமதி: வேண்டாம்.

சேகர்: அந்தக் காத்திருப்பு இப்போது உண்டா? அடுத்த பாட்டு ரஜினியா, கமலா, இல்லை பாகவதரா என்று யாருக்கும் தெரியாது.

கோமதி: எனக்கு வந்த பாட்டே தெரியாது. முதல் பாட்டுக்கு உன் பாட்டிக்குத் தண்ணீர். இரண்டாவது பாட்டில் படம் ஆடும். அண்ணன் மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவான். நான் படிக்கட்டில் நின்று ‘தெரிகிறது, தெரியவில்லை’ என்று மேலும் கீழும் கத்துவேன். அப்பாடா என்று உட்கார்ந்தால் மின்சாரம் போகும். போகாவிட்டால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. நான் முழுதாகப் பார்த்தது அந்த அட்டையைத்தான்.

சேகர்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாவது நிம்மதியாக…

கோமதி: மாநில மொழிப் படமா? ஆங்கில அகரவரிசைப்படி அசாமியில் ஆரம்பிப்பார்கள். தமிழ் வருவதற்குள் தீபாவளியே வந்துவிடும். அதற்கும் கூட்டம்! உன் அம்மா ஓர் ஒரியாப் படத்துக்கு அப்படி அழுதார். கதை என்ன என்று கேட்டேன். ‘யாருக்குத் தெரியும், பாவமாக இருந்தது’ என்றார்.

சேகர்: இளகிய மனசு அக்கா.

கோமதி: உங்கள் குடும்பத்துக்கே அப்படித்தான். 1984இல் இந்திரா காந்தி இறந்தபோது டி.வி.யில் நாள்கணக்கில் சோக இசை. உன் தம்பி தேம்பித் தேம்பி அழுதான். இந்த வயதில் என்ன நாட்டுப்பற்று என்று அப்பா உருகிப்போய் பிஸ்கட் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, வெள்ளிக்கிழமைப் பாட்டு ரத்தானதற்காக அழுதிருக்கிறான்.

சேகர்: பிஸ்கட்டில் எனக்கும் பாதி வந்தது. அதை விடுங்கள், இதைக் கேளுங்கள். உங்கள் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த பாட்டு. கேசட்டிலிருந்து கைபேசிக்கு மாற்றிவிட்டேன். எஸ்.பி.பி. குரல் சும்மா குழையும் பாருங்கள்!

(கைபேசியில் வயலின். குக்கர் விசில். யாரோ இருமுகிறார். ஒரு சிறுமியின் குரல்: “சேகர், தலையை இறக்கு!”)

கோமதி: எஸ்.பி.பி. எங்கே?

சேகர்: விசிலுக்குப் பின்னால் இருக்கிறார். 90 நிமிடக் கேசட் அக்கா, பக்கத்துக்கு 45. சரணம் பாதியில் நாடா தீர்ந்துவிட்டது. இன்றைக்கும் பாடினால் சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

கோமதி: அந்தக் கேசட் கம்பெனிக்காரன் நன்றாக இருக்க வேண்டும்.

சேகர்: ஆக, ஹால் கிடையாதா?

கோமதி: உன் வீட்டில் வை, வருகிறேன். பாட்டு ஏழரைக்கு என்றால் ஐந்து மணிக்கே வந்துவிடுவேன். என் தங்கை வருவாள், அவள் மாமியார் வருவார், மாமியாருக்குக் கால் நீட்டிக்கொள்ள இடம் வேண்டும். இரண்டாவது பாட்டில் தண்ணீர் கேட்போம், மூன்றாவதில் காபி.

சேகர்: வீட்டில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு…

கோமதி: அன்றைக்கு என் அம்மாவை யார் கேட்டார்கள்? போய்ச் சொல்லிவிட்டு வா. என் காபியில் மட்டும் சர்க்கரை போட வேண்டாம் என்று சொல். மாமியாருக்கு இரண்டு கரண்டி.