ஆடாதோடைக் கசாயம் எந்த இருமலையும் நிறுத்துமா?

"ஆடாதோடைக் கசாயத்தில் பனங்கற்கண்டு போட்டு மூன்று நாள் குடித்தால் எந்த இருமலும் நிற்கும், சளி சோதிக்கத் தேவையில்லை" என்றொரு தகவல் யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

கசாயம் தொண்டைக்கு இதம்தான், சரி. ஆனால் இருமல் 2 வாரம் தாண்டினால் சளியைச் சோதிக்கத்தான் வேண்டும். அது காசநோயாக இருக்கலாம், காசநோய்க் கிருமியைக் கசாயம் கொல்லாது. வழக்கமாக 6 மாதம் மருந்து எடுக்கவேண்டும். தள்ளிப்போட்டால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றலாம். அரச ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். காலையில் எழும்பியதும் ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். வெறும் எச்சில் உதவாது.

நீண்ட இருமலெல்லாம் காசமுமல்ல. முட்டு (ஆஸ்துமா), நெஞ்செரிவு, ஏன், எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசைகூட வறட்டு இருமலைத் தரும். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். சளியில் இரத்தம் கண்டால் உடனே போங்கள்.