உள்மாவட்டங்களின் மழைக்காலம்: ஒரு சிறு திருத்தம்

"தமிழ்நாட்டுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான், தென்மேற்குப் பருவத்தில் தருமபுரி, சேலம் பக்கமெல்லாம் வறண்டே கிடக்கும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மாநில சராசரிக்கு அது பொருந்தும். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமான ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான இயல்பு மழை (அதாவது பல ஆண்டுகளின் சராசரி), வடகிழக்குப் பருவமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதைவிட அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பது உண்மைதான். ஆனால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் வெப்பச்சலன இடிமழை, அதாவது வெயிலில் சூடான காற்று மேலெழும்பி மேகமாகிப் பெய்யும் மழை. ஆகஸ்ட், செப்டம்பரில் மதியம் வரை வெயில் கொளுத்தும், மாலையில் வானம் கறுக்கும், ராத்திரி கொட்டித் தீர்க்கும். ஐப்பசி மழையோ கடலோரத்தில் வலுத்து, உள்ளே வர வர மெலியும். (ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை போடுகிறவர்களிடம் இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்!)

அதற்காக எல்லா உள்மாவட்டமும் இப்படி என்றில்லை. கரூர், திருப்பூரில் வடகிழக்குப் பருவத்தின் கைதான் ஓங்கியிருக்கும்.

நீங்களே பார்க்கலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் மாவட்டவாரி மழை அட்டவணை இருக்கிறது. செப்டம்பர் 30, டிசம்பர் 31 ஆகிய இரு தேதிகளுக்கான பருவ அட்டவணைகளை எடுத்து, தருமபுரி வரிசையில் 'இயல்பு' என்ற எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். அந்தந்த ஆண்டு பெய்த அளவைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், அது வருடத்துக்கு வருடம் மாறும்.