எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துப் போட்ட முப்பது சதவீதம்

2025ஆம் ஆண்டின் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை என்பது, புத்தாண்டுக்கு முன்பே வாங்கி எங்கள் கடைச் சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டருக்குத் தெரியும். தெருவில் பட்டாசுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கும் தெரியும். கடையின் மூத்த முதலாளியான என் அண்ணன் மட்டும் அதை அக்டோபர் 9ஆம் தேதி இரவு, ஷட்டரை இறக்கும்போதுதான் கண்டுபிடித்தார். "தம்பி, தீபாவளிக்கு ஏதாவது ஆஃபர் போட வேண்டாமா?" என்று அவர் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை வீட்டில் காட்ட முடியாது, அண்ணி மனம் நோவார். ஆகவே இங்கே கொட்டித் தீர்க்கிறேன்.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு கேட்டேன், "இன்னும் நாள் கிடக்கிறது" என்றார். விநாயகர் சதுர்த்திக்குக் கேட்டேன், "முதலில் இருக்கிற சரக்கு ஓடட்டும்" என்றார். ஆயுத பூஜையன்று, சந்தனம் பூசிய கல்லாப்பெட்டியின் முன்னால் நின்று கேட்டதற்கு, நல்ல நாளும் அதுவுமாகக் கணக்குப் பேசாதே என்று வாயை அடைத்துவிட்டார்.

மயிலாடுதுறையில் ஆயத்த ஆடைக் கடை வைத்திருப்பவனுக்கு, ஊரில் எப்போது காசு புழங்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவை அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் குடும்பத்தோடு துணி எடுக்க வருகிறவர்கள் ஒரு சாரார். போனஸ் கைக்கு வந்த பிறகுதான் கடை வாசலை மிதிக்கிறவர்கள் இன்னொரு சாரார். இந்த இருவருக்கும் இரண்டு வாரம் முன்பே ஒரு நல்ல சேதி சொல்லி வைத்திருந்தால் போதும், வியாபாரம் தானாக நடந்திருக்கும்.

சொல்லச் சேதி இல்லாமலா போயிற்று? 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறையும் என்று செப்டம்பர் 3ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள், 22ஆம் தேதி அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. வரியோடு 1,680 ரூபாய்க்கு விற்ற பேண்ட், எங்கள் லாபத்தில் ஒரு காசும் குறையாமலேயே 1,575 ரூபாய்க்கு இறங்கியது. அரசாங்கமே நமக்காகத் தள்ளுபடி கொடுத்திருக்கும்போது, அதை நாலு வரியில் நோட்டீஸ் அடித்துச் சொல்ல இந்த மனிதருக்கு நேரமில்லை.

இனிமேல்தான் கொடுமை. 10ஆம் தேதி காலையில் எதிர்க்கடையில் "30% தள்ளுபடி" என்று பலகை ஏறியது. அண்ணன் அதைப் பார்த்தார், தேநீரைப் பாதியில் வைத்தார், "நாமும் முப்பது போட்டுவிடு" என்றார். அவ்வளவுதான் திட்டம்.

ஒரு சட்டையின் கணக்கைச் சொல்கிறேன். வரி நீங்கலாகக் கொள்முதல் விலை 650 ரூபாய், வரியோடு விற்பனை விலை 1,000 ரூபாய். 20 சதவீதம் குறைத்து 800 ரூபாய்க்குக் கொடுத்தால், 5 சதவீத வரி போக ஏறத்தாழ 762 ரூபாய் நிற்கும், லாபம் 112 ரூபாய். 30 சதவீதம் குறைத்து 700 ரூபாய்க்குக் கொடுத்தால் நிற்பது 667 ரூபாய்தான், லாபம் 17 ரூபாய். பத்து சதவீதம் கூட்டியதில் லாபம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்தப் பதினேழு ரூபாயிலிருந்துதான் துணிப்பைக்கும், பண்டிகைக்காக வைத்த தற்காலிகப் பையன்களின் கூலிக்கும், ராத்திரி வரை எரிந்த விளக்குகளுக்கும் கொடுக்க வேண்டும். எதிர்க்கடைக்காரர் ஆகஸ்டிலேயே மொத்தமாகச் சரக்கெடுத்தவர், அவருடைய கொள்முதல் விலை வேறு. அவர் பலகையைக் காப்பியடிக்கலாம், அவர் பில்லைக் காப்பியடிக்க முடியுமா?

சரக்காவது ஒழுங்காக வந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் போன் போட்டால், எல்லாரும் கேட்கும் 38, 40 சைஸ்கள் எப்போதோ போய்விட்டிருக்கும்; மிஞ்சிய 44 சைஸை "செட்டாகத்தான் தருவோம்" என்று தலையில் கட்டுவார்கள். வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பலாமென்றால், நம் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே, பலருக்கும் ஒரேயடியாக அனுப்பும் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். வாடிக்கையாளர்களிடம் "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஆண்டு முழுவதும் கேட்டிருக்க வேண்டிய வேலை அது. நோட்டு நிறைய எண்கள் இருந்தும் சேதி போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் சொந்தக்காரர்களுக்கு. அவர்கள் வந்தார்கள், முப்பதுக்கு மேலும் குறைக்கச் சொன்னார்கள்.

ஃபிளெக்ஸ் அச்சடிப்பவர் 17ஆம் தேதி இரவுதான் கொடுத்தார், அவசரக் கூலி தனி. அதிலும் கடைசித் தேதி அச்சாகவில்லை. அதைச் சரிபார்க்க வேண்டியவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஃபிளெக்ஸ் இப்போது மொட்டைமாடியில், மழைக்காக அட்டைப்பெட்டிகளைப் போர்த்திக் கிடக்கிறது. ஒரு முனை காற்றில் விலகி, "30% தள்ளுபடி" என்ற எழுத்து மட்டும் தெருவுக்குத் தெரிகிறது. நேற்று ஒரு பெரியவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்து, இந்தத் தள்ளுபடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "இருக்கு, வாங்க."