ஐந்து பவுண் பாவம்

சபையின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் சுற்றிய படத்தைப் பார்த்தவர்கள் என் நட்பு வட்டத்திலும் பலர் இருப்பதால், நடந்ததை முதலிலிருந்து விவரிக்கத் தேவையில்லை. பப்பில் நடந்த போக்கர் சீட்டாட்டப் போட்டியில் எடுத்த அந்தப் படத்தில் இருப்பவன் நான்தான். கையில் இருப்பது பிளாஸ்டிக் வெற்றிக் கோப்பை. பக்கத்துக் கிளாசில் இருப்பது தோடம்பழச் சாறு. படத்தைப் பெரிதாக்கி ஆராய்ந்த சகோதரர்களுக்கு இந்தத் தகவல் பயன்படும்.

“இவர்தான் நமக்கு வேதம் வாசிக்கிறவரா?” என்று அதன் கீழே எழுதியவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்றாம் நாளே வாசகர் அட்டவணையில் என் பெயரின் மேல் வெள்ளை மை பூசப்பட்டிருந்தது என்பதையும், அதற்கு முன் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஒரு பப்பில் செவ்வாய்தோறும் நடக்கும் போக்கர் போட்டி. இந்த நாட்டுச் சூதாட்ட விதிகளின்படி, பப்பில் விளையாடும் போக்கரில் ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு 5 பவுணுக்கு மேல் கட்ட முடியாது. ஒரு நாளில் அங்கே சேரும் மொத்தப் பந்தயம் 100 பவுணைத் தாண்டக் கூடாது. பப் நடத்துபவர் அதிலிருந்து ஒரு பென்ஸ் கூட எடுக்கக் கூடாது. ஆகவே இருபது பேர் சேர்ந்ததும் பட்டியல் மூடப்படும். இருபத்தோராவது ஆள் அடுத்த செவ்வாய்தான் வரவேண்டும். கடந்த ஓராண்டில் நான் 44 வாரங்கள் போயிருக்கிறேன். கட்டியது 220 பவுண், திரும்பி வந்தது 70. மிகுதி 150 பவுண் போய்விட்டது, மறைக்கவில்லை. உடற்பயிற்சி நிலையத்துக்குக் கட்டிவிட்டுப் போகாமலே விட்ட பணம் இதைவிட அதிகம். அதற்காக எந்த அட்டவணையிலிருந்தும் என் பெயர் அழிக்கப்படவில்லை.

போக்கரில் ‘பிளஃப்’ உண்டு, அதாவது கையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது, அது பொய் அல்லவா, கிறிஸ்தவன் பொய் சொல்லலாமா என்று ஒரு சகோதரர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். பருத்தித்துறையில் என் அம்மப்பா மெதடிஸ்த ஆலயத்தின் கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தவர். ஒரு சதம் பிசகினாலும் இரவு தூங்கமாட்டார். அவர்தான் விறாந்தையில் பாய் விரித்து எங்களுக்கு 304 என்ற கடதாசி ஆட்டத்தைப் பழக்கினார். புள்ளிகள் இப்படி: ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கிங் 3, குயின் 2. நான்கு இனத்தையும் கூட்டினால் 304 வருகிறதா என்று கணக்குப் பார்க்கச் சொல்வார். துரும்புக் கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத முகத்தோடு அவர் வெற்றிலை மடிப்பதை நான் எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன். அது பொய்யா? முரளிதரன் துடுப்பாட்டக்காரரை ஏமாற்றும் தூஸ்ரா பந்தைப் போட்டபோது யாராவது பொய்ச்சாட்சி என்றார்களா? எதிராளி மறைப்பான் என்று தெரிந்தே நால்வர் உட்காரும் இடத்தில் மறைப்பது ஆட்டத்தின் பகுதி. பப்பில் என் எதிரே உட்காரும் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, நல்ல கடதாசி வந்தால் தன் கிளாசைத் தொடமாட்டார். விரல் நடுங்குவது தெரிந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் படித்துத்தான் இரண்டு ஒன்பதுகளைக் கையில் வைத்திருந்தும் அன்று நான் ஒதுங்கினேன். இதில் எங்கே பாவம்?

அம்மப்பா காசு வைத்து விளையாடவில்லையே என்பீர்கள். உண்மை, வைக்கவில்லை. சரி, அப்படியானால் காசுதான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைப்போம். நமக்கு மாலை ஆராதனைக்கு இடம் தரும் ஆங்கிலச் சபையின் வாசலில், கூரை திருத்த உதவிய, லொத்தர் பணத்தில் இயங்கும் தேசிய லொத்தர் மரபுரிமை நிதியத்தின் சின்னம் பொறித்த பலகை இருக்கிறது. அந்த லொத்தரில் முதற்பரிசு விழும் வாய்ப்பு நாலரைக் கோடியில் ஒன்று. அந்தக் கூரையின் கீழ் நனையாமல் நின்று பாடுகிறோம். மாதம் 1,000 பவுண் கட்டும் சீட்டு நம்மவர்களுக்குள்ளேயே இடையில் முறிந்தபோது, பிடித்தவர் முன்வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்குப் போனார், தண்டனை அவ்வளவுதான். அது சீட்டு, இதுவும் சீட்டு. அதில் நாலு குடும்பங்களின் வீட்டு முற்பணம் போயிற்று. இதில் ஐந்து பவுண். மறுபடியும் எழுதுகிறேன், ஐந்து பவுண்.

சூதாட்டத்தால் அழிந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பெட்டிங் கடை இயந்திரங்களில் இருபது வினாடிக்கு ஒருமுறை 100 பவுண் வரை வைக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2019 ஏப்ரலில்தான் அரசு அதை 2 பவுணாகக் குறைத்தது. அந்தக் காலத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தான். மீட்கப் போனவன் நான். நகைக்கடைக்காரர் அதைத் தராசில் வைத்தபோது அதில் பூசிய மஞ்சள் இன்னும் மங்காமல் இருந்தது. அன்று அவனுக்காக யார் ஜெபக்கூட்டம் வைத்தார்கள்? யார் அந்தக் கடை வாசலைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்கள்?

பலவீனமான சகோதரனுக்கு நீ இடறலாக இருக்கலாமா, இறைச்சி சகோதரனுக்கு இடறலானால் அதைத் தின்னமாட்டேன் என்று பவுல் சொன்னது உனக்குப் பொருந்தாதா என்பது மிஞ்சியிருக்கும் கேள்வி. பொருந்தும். அந்தத் தம்பி இந்தப் படத்தைப் பார்த்திருப்பான் என்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி அவனோடுதான் கதைப்பேன், குழுவோடு அல்ல. தவிர, அந்தப் படத்தை அவன் கைத்தொலைபேசி வரைக்கும் கொண்டுபோனவன் நான் இல்லை.

பதினான்கு வருடங்களாகக் கதிரை அடுக்கியவன், கனடாவிலிருந்து வந்த போதகரை ஹீத்ரோவிலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு ஏற்றி வந்தவன் என்றெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பெந்தெகொஸ்தேக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குறிக்கப்பட்டிருந்த வாசகம் எது தெரியுமா? அப்போஸ்தலர் முதலாம் அதிகாரம். யூதாசின் இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி, சீட்டுப் போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்ட பகுதி. சிலுவையின் கீழே சேவகர் போட்டதும் சீட்டுத்தானே என்று மடக்குவீர்கள். ஆமாம், அதுவும் சீட்டுத்தான். எனக்குப் பதிலாக வாசித்த இளைஞர் ‘சீட்டு’ என்ற சொல் வந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். பின்வரிசையில் யாரோ செருமியது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

செயற்குழுவுக்கு ஒரு விடயம். ஞாயிறு பாடசாலைச் சுற்றுலா நிதிக்காக என்னிடம் விற்கத் தந்த அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகங்கள் இரண்டும் இன்னும் என் காரில்தான் கிடக்கின்றன. முதற்பரிசு தொலைக்காட்சி, சீட்டு ஒன்று 2 பவுண். பதினொன்று விற்றாயிற்று, அதில் நான்கை வாங்கியவர் அந்த பஸ் சாரதி. மிகுதியையும் காசையும் யாரிடம் ஒப்படைப்பது என்று செயலாளர் அண்ணா தெரிவித்தால் செவ்வாய்க்கு முன் கொண்டுவந்து தருகிறேன். செவ்வாய் மாலை எனக்கு நேரமில்லை.