‘ரெண்டு கம்பிதானே’ என்று சிரித்தவர்களுக்கு

உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து ஊரில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து ஆளாளுக்கு அதையே எனக்கு அனுப்பி, "உங்க வாத்தியம் வந்திருக்கு பாருங்க" என்று சிரிக்கிற பொம்மை போடுகிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

யாருடைய வீடியோ என்று சொல்லப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஆள் ஒருவர், கடையில் மாட்டியிருந்த துதாரை, அதாவது அந்த ஊர் இரண்டு நரம்பு வாத்தியத்தை இறக்கி, கிடார் மாதிரி பிடித்து நாலு தட்டுத் தட்டிவிட்டு, "ரெண்டு கம்பிதான்யா இருக்கு, இதுல என்னத்த வாசிக்கிறது, நம்ம சிதாரைப் பாத்து அடிச்ச காப்பி" என்கிறார். அதுகூடப் போகட்டும். கடைக்கார அம்மா அதை வாங்கி மடியில் வைத்து வாசிக்கத் தொடங்குகிறார். கை ஓடுவது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அவர் வாசித்ததை அணைத்துவிட்டு, அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டை ஓட்டியிருக்கிறார்கள்.

எனக்கு வலித்தது அந்த இடம்தான். ரெண்டு கம்பியில் என்ன வாசிக்க முடியும் என்று கேட்டது அவர். பதில் சொல்ல ஒரு பெண் உட்கார்ந்து வாசித்தும் காட்டுகிறார். அந்தப் பதிலை அழித்துவிட்டு, கேள்வியை மட்டும் லட்சக்கணக்கான பேருக்குப் போட்டுக் காட்டுவது என்ன நியாயம்?

முதலில் அந்தக் காப்பி விஷயம். இன்று நாம் பார்க்கும் சிதார் உருவானது 18ஆம் நூற்றாண்டு டெல்லியில். மத்திய ஆசியாவின் சிர் தரியா ஆற்றங்கரையில் பிறந்து 950இல் இறந்துபோன தத்துவ அறிஞர் அல் ஃபராபி, தன்னுடைய பெரிய இசை நூலில், குராசான் நாட்டில் புழங்கிய இரண்டு நரம்புத் தம்பூரைப் பற்றி (நம் தம்புரா இல்லை, நீண்ட கழுத்துள்ள வேறு வாத்தியம்), கழுத்தில் விரல் அழுத்துவதற்கான அதன் மெட்டுகள் எங்கெங்கே கட்டப்பட்டிருக்கும் என்பது வரை கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சங்கதி அது. அந்த வம்சத்தில் வந்ததுதான் துதார். நீண்ட கழுத்துள்ள இந்த வாத்தியங்கள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவை என்பதுதான் வரலாறு. முன்னூறு வருடம் முந்தைய சிதாரைப் பார்த்து ஆயிரம் வருடம் முந்தையவர்கள் எப்படிக் காப்பி அடிப்பார்கள்?

இப்போது இரண்டு நரம்புக்கு வருகிறேன். கணவரின் வேலை காரணமாக நாங்கள் தாஷ்கண்டில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு ஓபாவிடம்தான் துதார் கற்றுக்கொண்டேன். ஓபா என்றால் அக்கா. அவர் ஆசிரியர் இல்லை, மேடை ஏறியவரும் இல்லை. சாயங்காலம் சோற்றுக்கு அரிசியை ஊறப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு துதாரை எடுப்பார். அவர் எனக்கு முதலில் காட்டியது இடது கைக் கட்டைவிரலை. மேல் நரம்பை அந்தக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும், கீழ் நரம்பை மற்ற விரல்கள். இரண்டும் தனித்தனியே நடக்கும், சேர்ந்தும் நடக்கும், ஒன்று நின்றுகொள்ள மற்றது அலைந்துவிட்டு வரும். பாட்டுக்கு ஏற்ற மாதிரி சுருதியையும் மாற்றிக்கொள்ளலாம்: இரண்டு நரம்புக்கும் நடுவே ஒரு பாட்டுக்கு நான்காம் சுர இடைவெளி, இன்னொன்றுக்கு ஐந்தாம் சுர இடைவெளி, வேறொன்றுக்கு இரண்டும் ஒரே சுரம்.

வலது கை அதைவிடப் பெரிய வித்தை. பக்கத்திலேயே இருக்கும் தம்பூருக்கு விரலில் உலோக நகம் மாட்டுவார்கள். துதாருக்கு அது கிடையாது, வெறும் விரல்தான். ஒற்றை விரலால் மேலும் கீழும், ஐந்து விரலையும் விசிறி மாதிரி விரித்து, கட்டைவிரலைத் திருப்பி இழுத்து என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை இருக்கிறது. தோய்ரா என்கிற கஞ்சிரா மாதிரிப் பறையை அடிக்க ஆள் இல்லாத வீட்டில் தாளமும் அந்தக் கையிலேயே இருக்கும். எனக்கு அந்த மணிக்கட்டு கடைசி வரை முழுதாக வசப்படவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கடையில் இருந்த அம்மாவின் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் சின்ன வயதிலிருந்து வாசிப்பவர். அந்தக் கையின் சத்தத்தைத்தான் அணைத்திருக்கிறார்கள்.

அந்த வாத்தியம் எதில் ஆனது என்றாவது அவர் கேட்டிருக்கலாம். முசுக்கட்டை மரம் நமக்குத் தெரியும், மல்பெரி. அந்த மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, வளைத்து, ஒட்டித்தான் துதாரின் குடத்தைச் செய்கிறார்கள். அதே மரத்தின் இலையைத் தின்கிற புழுவின் பட்டு நூலை முறுக்கித்தான் பழைய நாளில் நரம்பு. இப்போது நிறைய பேர் நைலானுக்கு மாறிவிட்டார்கள். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் வசந்த காலத்தில் வீட்டு அறையைக் காலி செய்து, தட்டு தட்டாகப் புழு வளர்ப்பார்கள். ராத்திரியில் அவை இலை தின்கிற சத்தம் மழை மாதிரி கேட்கும். அந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. பட்டு நரம்பின் ஒலி ரொம்ப மெத்தென்றிருக்கும். அடுத்த அறைக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்காது.

தெருவுக்குக் கேட்காது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய உஸ்பெக் வீட்டில் வெளிக்கட்டு தஷ்கரி, உள்கட்டு இச்கரி. உள்கட்டு பெண்களுக்கு. வெளியார் யாரும் அங்கே வர முடியாது, உள்ளே இருப்பவர்கள் நினைத்தபடி வெளியே போகவும் முடியாது. அந்த உள்கட்டின் வாத்தியம் துதார். தாலாட்டுக்கு, கல்யாணத்துக்கு முந்தைய நாள் பெண்கள் கூட்டத்துக்கு, யாரிடமும் சொல்ல முடியாத துக்கத்துக்கு எல்லாம் அதுதான். தனோவர் என்று ஒரு பாட்டு உண்டு, நடனக் கலைஞர் முக்கர்ரம் துர்குன்பாயேவா மேடையில் ஆடி உலகமே அறிந்தது. அது ஒரு பெண்ணின் ஏக்கம். அப்படிப்பட்ட பாட்டுகளைப் பெண்கள் வெளியே எடுத்து வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? பாடகி துர்சுனாய் சைதாசிமோவாவை 1928இல் அவர் கணவனே கொன்றான். மேடையில் ஆடினாள் என்று நூர்ஹானை 1929இல் உடன்பிறந்தவனே கொன்றான். இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. துதார் வாசித்ததற்காக அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கலை அடுத்தவர் காதில் விழுவதற்கு அந்த மண்ணில் கொடுத்த விலை அது. அந்த மண்ணில் இன்று ஒரு பெண் கடை வாசலில் உட்கார்ந்து, வந்து போகிறவர் எல்லாம் கேட்கும்படி வாசிக்கிறார். நாம் போய் அந்தச் சத்தத்தை அணைக்கிறோம்.

"ஒரு ரீலுக்கு இவ்வளவா?" என்று கேட்கப் போகிறீர்கள். ஆமாம், இவ்வளவும்தான். நம் ஆட்களில் பல பேர் அந்த ஊரைப் பார்ப்பதே ரீலில்தான். நம் பிள்ளைகள் சமர்கந்திலும் புகாராவிலும் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்கள் அந்த மக்களின் முகத்தைப் பார்த்துத்தானே தினமும் வாழ வேண்டும்?

"துதார் உஸ்பெக்குகளுக்கு மட்டுமா சொந்தம்?" என்று இன்னொருவர் பாயிண்டு எடுத்திருக்கிறார். இல்லைதான். துருக்மேன்களுக்கும், கரகல்பாக்குகளுக்கும், உய்குர்களுக்கும், இரானியக் குராசானுக்கும் துதார் உண்டு. யுனெஸ்கோ பட்டியலில் 2019இல் இரானின் பெயரிலும் 2021இல் துருக்மேனிஸ்தானின் பெயரிலும் ஏறியிருக்கிறது. துருக்மேன் துதாரின் குடத்தை ஒட்டிச் செய்ய மாட்டார்கள், கட்டையைக் குடைந்தே எடுப்பார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். நான் பழகியது தாஷ்கண்ட், ஃபெர்கானா துதார், அதனால் அதைப் பேசுகிறேன்.

சோவியத் ஆட்சியில்தான் இந்த வாத்தியம் முன்னேறியது, நீங்கள் பழமைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று நண்பர் ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெண்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்து துதார் வாசித்தது அந்தக் காலத்தில்தான். இசைப்பள்ளிகள் வந்ததும் அப்போதுதான். மறுக்கவில்லை. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். அஷோத் பெத்ரோசியன்ஸ் தலைமையில் தாஷ்கண்டில் வாத்தியங்களையே மாற்றிச் செய்தார்கள். ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா மாதிரி துதார் பாஸ், துதார் கான்ட்ராபாஸ் என்று ஒரு குடும்பமே உண்டாக்கினார்கள். பழைய துதாரில் மெட்டுகளை நரம்பால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வாசிப்பவர் தன் காதுக்கு ஏற்றபடி மயிரிழை நகர்த்திக்கொள்ளலாம். மாற்றிச் செய்த வாத்தியத்தில் பியானோவின் பன்னிரண்டு சுரத்துக்கு மெட்டுகளை அசையாமல் பொருத்திவிட்டார்கள். நம் வீணையில் மெழுகை எடுத்துவிட்டு பியானோ அளவில் மெட்டைத் திருகி வைத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். 1927இல் உஸ்பெக் செவ்விசையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதியவர் அப்துரவூஃப் ஃபித்ரத். 1938இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மகாம் என்பது அங்கே செவ்விசைப் பாட்டுகளின் பெரிய தொகுப்பு; அப்படி ஆறு சேர்ந்த புகாராவின் ஷஷ்மகாமை 1923இல் இசை ஆய்வாளர் உஸ்பென்ஸ்கி கேட்டு எழுதிக்கொண்டார், அடுத்த வருடம் அச்சில் வந்தபோது சுரக்குறிப்பு இருந்தது, கவிதை வரிகள் இல்லை. பாட்டிலிருந்து வார்த்தையை அன்று எடுத்தார்கள், இன்று சத்தத்தை எடுக்கிறார்கள். 1951இல் கம்யூனிஸ்ட் கட்சி மகாமையே பழைய காலத்துக் குப்பை என்று தீர்மானம் போட்டு ஒதுக்கியது. 1950களின் கடைசியில் இசைக்கலைஞர் யூனுஸ் ரஜபி வானொலியில் ஒரு குழுவைச் சேர்த்து, பிறகு ஆறு மகாமையும் தொகுதி தொகுதியாக எழுதி வைத்ததால் பிழைத்தது. அவர் பெயரில் தாஷ்கண்டில் மெட்ரோ நிலையமே இருக்கிறது.

நடுவில் இருந்த அந்த வருடங்களில் என்ன ஆயிற்று என்று ஓபாவிடம் கேட்டேன். "ரேடியோவில் இல்லாவிட்டால் என்ன, எங்கள் வீட்டில் அம்மா இருந்தாரே" என்றார். அந்த அம்மா வாசித்தது எந்த நாடாவிலும் இல்லை. யாரும் பதிவு செய்ய வரவில்லை. வீட்டுப் பெண் ரெண்டு கம்பியைத் தட்டுவதை யார் பதிவு செய்வார்கள்? இதே இளக்காரம்தான் அன்றும் இருந்திருக்கிறது.

கடைசியாக, அடிக்கடி என்னைச் சுடுகிற கேள்வி. "நம்ம யாழே போச்சு, நாதஸ்வரத்துக்கே ஆளில்ல, இவங்க உஸ்பெக் வாத்தியத்துக்கு அழறாங்க." இதை ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். "இங்க இருந்து வீணை கத்துக்காதவ, அங்க போய் ரெண்டு கம்பியைக் கத்துக்கிட்டு வந்திருக்கா" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். சின்ன வயதில் வீணை கேட்டேன். பாட்டுக்கு அனுப்ப ஆள் இல்லை, காசும் இல்லை என்றுதான் வீட்டில் சொன்னார்கள். கல்யாண வீட்டில் பேச்சு வாங்கியவள் நான், அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அன்று என்னை அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள். முப்பது வயதுக்கு மேல், மொழி தெரியாத ஊரில், ஒரு பெண் தன் மடியில் இருந்த வாத்தியத்தை என் மடிக்கு மாற்றினார். பணம் கேட்கவில்லை, எந்த ஊர், எந்த மதம் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் வாத்தியத்துக்காக நான் பேசாமல் வேறு யார் பேசுவது? யாழைத் தொலைத்தவர்கள் நாம். தொலைத்தவர்களுக்குத்தானே முதலில் இது உறைக்க வேண்டும்?

நாதஸ்வரத்துக்கும் பேசுவேன். அதற்காக இதைப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

துர்குன் அலிமாத்தோவின் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. தம்பூர், வில்லால் வாசிக்கும் சாத்தோ, துதார் மூன்றையும் வாசித்தவர், 2008இல் மறைந்தார். துதாருக்கென்றே அப்துரஹீம் ஹமீதோவின் பதிவுகள் உண்டு. ராத்திரி எல்லா வேலையும் முடிந்து, வீடு அடங்கிய பிறகு, ஹெட்போன் போட்டு ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று வந்து எழுதுங்கள், எனக்குக் கோபமே வராது, விடிய விடிய உட்கார்ந்து பேசலாம். கேட்காமல் கமெண்டில் சிரிக்கிற பொம்மை போடுபவர்களை இன்றிலிருந்து நட்பு நீக்கம் செய்கிறேன், சொந்தக்காரர்கள் உட்பட.